சுவாசப்பையில் வெண்குழியம்: ஒட்டுதலை ஆராய்ந்த முறைகளின் வரலாறு

1661ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டுப் பொலோஞா நகரிலிருந்து மார்செல்லோ மல்பீகி என்னும் மருத்துவப் பேராசிரியர் பீசா நகரிலிருந்த தம் நண்பர் பொரெல்லிக்கு இரு கடிதங்கள் எழுதினார். அவற்றின் பொருள் சுவாசப்பை. தவளையின் சுவாசப்பையை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கிய அவர், நாடிகளின் கடைசிக் கிளைகளையும் நாளங்களின் முதற் கிளைகளையும் மயிரினும் நுண்ணிய குழாய்கள் இணைத்து நிற்பதைக் கண்டார். குருதி உடலைச் சுற்றி ஓடுகின்றது என 1628இல் நிறுவிய வில்லியம் ஹாவி, அது நாடியிலிருந்து நாளத்துக்கு எவ்வழியாற் செல்கின்றது என்பதைக் கண்ணாற் காணாமலே 1657இல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற இடைவெளியை நிரப்பியது ஒரு தவளையின் சுவாசப்பையே.

மயிர்த்துளைக் குழாயை மனிதன் முதன்முதற் கண்ட உறுப்பு இதுவாயிருக்க, அக்குழாயினுள் வெண்குழியங்கள் எவ்வாறு ஒழுகுகின்றன என்னும் வினாவுக்கு மிகப் பிந்தி விடை தந்த உறுப்பும் இதுவே ஆயிற்று. இடைப்பட்ட 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில் ஆய்வாளர் தவளையின் நாக்கையும் குடற்சவ்வையும், கண்ணாடித் தட்டையும் நைலோன் இழையையும் நாடிச் சென்றனர். காண எளிதான இடத்திற் கண்டதைக் காண்பதற்கரிய இடத்துக்கும் உரியதெனக் கொண்டனர். அக்கொள்கை பல வேளைகளிற் பொருந்தியது, சுவாசப்பையிற் பொருந்தவில்லை. பொருந்தாமையை எவ்வாறு கண்டுகொண்டனர் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

குருதியில் நிறமற்ற குழியங்களும் உள என்பதை 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இலண்டன் மாநகரில் வாழ்ந்த வில்லியம் ஹியூசன் விரிவாக ஆராய்ந்தார். 1824இல் பிரான்சு நாட்டு டியூத்திரோசே அவை குழாயை விட்டு வெளிச்செல்வதைக் கண்டதாக எழுதினார். 1839இல் ருடோல்ப் வாக்னர் தவளையின் குருதிக் குழாய்களை ஆராய்ந்து, செங்குழியங்கள் நடுவோட்டத்தில் விரைந்து செல்ல, வெண்குழியங்கள் சுவரோரமாக மெல்ல உருண்டு செல்வதைப் படமாக வரைந்தார். இங்கிலாந்து நாட்டு மோல்வேண் நகர மருத்துவர் வில்லியம் அடிசன், சீழ் என்பது வெளியேறிய வெண்குழியங்களின் திரளே என 1840களிற் கூறினார். 1846இல் ஒகஸ்தஸ் வாலர் தவளையின் நாக்கை விரித்து வைத்து அவ்வெளியேற்றத்தைக் கண்டார். எனினும், இவர்கள் எழுதியவை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எவராலும் போற்றப்படாது கிடந்தன. அக்காலத்தில் கலக் கொள்கையின் தலைவராக விளங்கிய ருடோல்ப் பிர்க்கோ, சீழ்க் கலங்கள் புண்பட்ட இழையத்திலேயே பிறப்பன என்று கற்பித்தார். அவர் சொல்லுக்கு மறுசொல் கூறுவார் அரியர்.

மறுசொல் கூறியவர் அவருடைய சொந்த உதவியாளர். பேர்லின் நகரிற் பிர்க்கோவின் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய யூலியசு கோன்ஹைம் 1867இல் அழற்சியைப் பற்றியும் சீழ் உண்டாதலைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் கைக்கொண்ட முறை எளியது. ஆனால் பொறுமையை வேண்டுவது. குராரே என்னும் அம்புநஞ்சினாலே தவளையை அசையாதிருக்கச் செய்து, அதன் வயிற்றைத் திறந்து, குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வை வெளியே எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் விரித்தார். காற்றுப் படுதலே அச்சவ்வில் அழற்சியை உண்டாக்கப் போதியதாயிருந்தது. பின்னர் அவர் மணிக்கணக்காக நோக்கியிருந்தார். முதலிற் குழாய்கள் விரிந்தன, ஓட்டம் தளர்ந்தது, சிறு நாளங்களின் உட்சுவரில் வெண்குழியங்கள் ஒவ்வொன்றாக வந்து தங்கிக் கல் பாவியதுபோல் வரிசையாயின. அதன்பின் சுவரின் புறத்தே நிறமற்ற சிறு முனையொன்று தோன்றியது. அது வளர வளர உட்புறத்துக் குழியம் சிறுத்தது. ஈற்றில் முழுக் குழியமும் வெளியே நின்றது.

இஃது உண்மையில் அதே குழியந்தானா என்று ஐயுறுவார்க்கு அவர் மற்றொரு சான்றும் வைத்திருந்தார். அனிலீன் நீலம் என்னும் சாயத்தின் நுண்டுணிக்கைகளை உடலினுட் செலுத்தினார்; வெண்குழியங்கள் அவற்றை விழுங்கி நிறம் பெற்றன. பின்னர்க் கண்ணின் கருவிழிமேற் படலத்தைப் புண்படுத்தினார். குருதிக் குழாயே இல்லாத அப்படலத்திலே நீலத் துணிக்கை தாங்கிய கலங்கள் வந்து சேர்ந்தன. சீழ் குருதியிலிருந்தே வருகின்றது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. கலத்துக்கு அடையாளமிட்டு அதன் பயணத்தைத் தொடர்தல் என்னும் முறை, நூறாண்டின் பின் ஒளிர்சாயமும் கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளும் கொண்டு செய்யப்பட்ட பரிசோதனைகளுக்கெல்லாம் முன்னோடி எனலாம்.

ஒட்டுதலுக்குக் காரணம் யாது? குழாய்ச் சுவரில் நேரும் மாற்றமே என்றார் கோன்ஹைம். 1882இல் மெசீனாக் கடற்கரையில் நட்சத்திர மீனின் குடம்பிகளை ஆராய்ந்த மெச்சினிக்கோவ், குழியத்தின் செயலே முதன்மையானது என்றார். சுவரா, குழியமா என்னும் இவ்வழக்கு அன்று தீரவில்லை. இருதிறத்தாரும் தங்கள் சான்றுகளைப் பெற்ற இடங்கள் குடற்சவ்வு, நாக்கு, தோல், குடம்பி என்பனவே. சுவாசப்பை அன்று என்பதை மட்டும் ஈண்டு மனத்திற் கொள்ளல் வேண்டும்.

சுவாசப்பையை ஏன் விடுத்தனர்? குடற்சவ்வு விரித்தால் அசையாது கிடக்கும். சுவாசப்பையோ ஒவ்வொரு மூச்சோடும் விரிந்து சுருங்குவது. மார்புச்சுவரைத் திறந்தால் வெளிக்காற்றின் அமுக்கத்தால் அது சோர்ந்துவிடும். இதயத் துடிப்பும் அதை ஆட்டிக்கொண்டேயிருக்கும். ஒளியோ காற்றும் நீரும் மாறிமாறி வரும் எண்ணற்ற பரப்புகளிற் சிதறிப்போகும். எனவே சுவாசப்பையைப் பற்றிய முதற் செய்திகள் கண்ணாற் கண்டவை அல்ல, எண்ணிக்கையாற் பெற்றவை.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிற் குருதிக் குழியங்களை எண்ணும் முறை மருத்துவமனைகளில் வழக்கத்துக்கு வந்தது. பக்டீரியாச் சாறு முதலியவற்றை விலங்கின் நாளத்திற் செலுத்தினாற் சில நிமிடங்களில் வெண்குழியங்களின் தொகை மிகக் குறைவதைப் பலர் கண்டனர். குழியங்கள் கரைந்து அழிந்தன என்றார் லோவித். அவற்றின் குறைவுக்கு 1892இல் அழிவையே காரணமாகக் காட்டினார். கோல்ட்சைடர், யாக்கொப் என்னும் இருவர் 1894இல் இதனை மறுத்தனர். குறைவு நேர்ந்த வேளையில் உறுப்புகளை ஆராய்ந்த அவர்கள், சுவாசப்பையின் மயிர்த்துளைக் குழாய்களில் வெண்குழியங்கள் நெருங்கிக் கிடப்பதைக் கண்டனர். குழியங்கள் அழியவில்லை, ஒளிந்திருந்தன. சிறிது நேரத்தின் பின் அவை மீண்டும் ஓட்டத்திற் கலந்தன. கைவிரலிற் குத்தி எடுத்த ஒரு துளிக் குருதி உடலிலுள்ள வெண்குழியங்களின் முழுத்தொகையைக் காட்டாது என்பது இவ்வாறு வெளியாயிற்று. சுவீடன் நாட்டு வெய்லென்ஸ் 1938இல் வெளியிட்ட விரிவான ஆய்வு, குருதிக் குழாய்த் தொகுதியில் வெண்குழியங்கள் சமமாகப் பரந்திருப்பதில்லை என்பதை நன்கு நிலைநாட்டியது.

ஆயினும் இறந்த விலங்கின் இழையத்தைச் சீவிப் பார்ப்பவர் குழியம் எங்கே நின்றது என்பதை அறிவாரேயன்றி, எத்துணை நேரம் நின்றது, ஏன் நின்றது என்பவற்றை அறியார். உயிருள்ள சுவாசப்பையைக் காண வழிதேடிய முயற்சி 1920களிலே தொடங்கியது. 1934இல் அமெரிக்க மருத்துவர் ஜோசப் வேர்ணும் அவருடன் சேர்ந்தோரும் பூனையின் சுவாசப்பையூடாக ஒளியைச் செலுத்தி நுண்குழாய்களை நோக்கினர். எல்லாக் குழாய்களும் எப்போதும் திறந்திருப்பதில்லை. ஓட்டம் இடையிட்டு நிகழ்வது என்பதை அவர்கள் கண்டனர். 1939இல் றொபேட் தெரி உயிருள்ள விலங்கின் மார்புச்சுவரிற் சாளரம் பொருத்தும் முறையொன்றை வெளியிட்டார். 1963இல் கிரால் என்பவர் மூடிய மார்பினுள்ளே சுவாசப்பையை நோக்கும் முறையைத் திருத்தினார். 1960களில் வாக்னர் என்னும் அமெரிக்கர், நாயின் மார்பில் அமைத்த சாளரத்தின் மேல் சுவாசப்பையின் பரப்பை மென்மையான உறிஞ்சலால் அசையாது நிறுத்தி நோக்கும் முறையைச் செப்பஞ் செய்தார். இவர்கள் ஓட்டத்தைக் கண்டனர்; குழாயைக் கண்டனர். நிறமற்ற குழியத்தைச் செங்குழியப் பெருக்கினிடையே பிரித்துக் காணுதல் மட்டும் எளிதாக இயலவில்லை. 

இதற்கிடையில், உடலைவிட்டு ஆய்வுகூட மேசைக்கு வந்துவிட்டது வெண்குழியம். 1968இல் நோர்வே நாட்டு ஆணே போயும் அடர்த்தி வேறுபாட்டைக் கொண்டு வெண்குழியங்களைக் குருதியினின்றும் பிரிக்கும் எளிய முறையை வெளியிட்டார். சிறிதளவு குருதி இருந்தாற் போதும். மையநீக்கப் பொறியும் தக்க கரைசலும் உள்ள எந்த ஆய்வுகூடமும் தூய குழியங்களைப் பெறலாம். அவை எதில் ஒட்டுகின்றன, எத்தனை ஒட்டுகின்றன என எண்ணும் வேலை பெருகியது. 1974இல் மக்கிறெகரும் கூட்டாளிகளும் நைலோன் இழையைச் சிறு கண்ணாடிக் குழாயில் அடைத்து அதனூடாகக் குருதியை வடியவிட்டனர். மேலே ஊற்றியதிலுள்ள குழியத் தொகையினின்றும் கீழே வடிந்ததிலுள்ள தொகையைக் கழித்தால் ஒட்டியவற்றின் அளவு கிடைக்கும். மது, பிரெட்னிசோன், அஸ்பிரின் ஆகியவை ஒட்டுதலைக் குறைக்கின்றன என அவர்கள் காட்டினர். எவரும் எங்கும் செய்யத்தக்க முறை இது. எனினும் நைலோன் குருதிக் குழாய் அன்று. அதற்கு அகவணி இல்லை. 

அக்குறையை நீக்கும் வழி ஓராண்டு முன்னரே பிறந்திருந்தது. நியூயோர்க் நகரில் எரிக் ஜாபி முதலியோர், குழந்தை பிறந்தபின் வீசப்படும் தொப்புள்கொடியின் நாளத்திலிருந்து அகவணிக் கலங்களைப் பிரித்தெடுத்து வளர்க்கும் முறையை 1973இல் வெளியிட்டனர். எறியப்படும் பொருளொன்று உலகெங்குமுள்ள ஆய்வுகூடங்களுக்குக் குருதிக் குழாயின் உட்சுவரை வழங்கலாயிற்று. 1976இல் ஸ்டாம்பர், வூட்ரப் என்னும் இருவர் உறைய வைத்துச் சீவிய நிணநீர்க்கணுத் துண்டின்மேல் நிணநீர்க்குழியங்களைப் பரப்பி, அவை குறித்த சில நாளச் சுவர்களையே தேர்ந்து ஒட்டுகின்றன எனக் காட்டினர். ஒட்டுதல் வெறும் பசைத்தன்மை அன்று. இடமறிந்து நிகழும் இணைப்பு என்பது இதனால் விளங்கிற்று.

இவ்வளவும் ஆய்வுகூடத்துச் செய்தி. சுவாசப்பையில் வெண்குழியம் தங்குவது நோயாளிக்கு என்ன செய்யும் என்பதைக் காட்டியது எதிர்பாராத ஒரு சிகிச்சை. சிறுநீரகம் பழுதுற்றோரின் குருதியைப் பொறியினூடாகச் செலுத்திச் செலோபேன் சவ்வினாலே தூய்மை செய்யும் கூழ்பிரிப்பு முறை 1960களிற் பரவியது. சிகிச்சை தொடங்கிச் சில நிமிடங்களுக்குள் நோயாளியின் குருதியில் நடுநிலைநாடிகள் என்னும் வெண்குழியங்கள் பெரும்பாலும் மறைந்துபோவதை 1968இல் கப்லோ, கோபினெற் ஆகியோர் அறிவித்தனர். பொறி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவை திரும்பி வந்தன. சவ்வில் ஒட்டிக்கொண்டனவோ என்னும் ஐயம் இயல்பாகவே எழுந்தது. 

1977இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரடொக், ஜேக்கப் முதலியோர் இவ்வையத்தைத் தீர்த்த முறை பாராட்டத்தக்கது. அவர்கள் பொறியையும் சிறுநீரகத்தையும் ஒதுக்கிவிட்டு, குழியம் நீங்கிய குருதித் திரவவிழையத்தைச் செலோபேனுடன் சிறிது நேரம் வைத்து, அத்திரவத்தை மட்டும் முயலுக்கும் செம்மறியாட்டுக்கும் செலுத்தினர். விலங்குகளின் வெண்குழியத் தொகை உடனே வீழ்ந்தது. சுவாசப்பையின் நுண்குழாய்கள் வெண்குழியங்களால் நிறைந்திருந்தன. சவ்வு குழியத்தைப் பிடிக்கவில்லை. திரவத்திலுள்ள நிரப்புப் புரதங்கள், அதாவது கிருமி புகுந்தால் ஒன்றையொன்று தூண்டி எதிர்க்கும் புரதத் தொடர், செலோபேனைப் பகையெனக் கருதித் தூண்டப்பட்டன. அத்தூண்டலே குழியங்களைச் சுவாசப்பையில் நிறுத்தியது. நிரப்புப் புரதங்களை முன்னரே செயலிழக்கச் செய்தபோது இவ்விளைவு தோன்றவில்லை. செம்மறியாடுகளிற் சுவாசப்பை நாடியின் அமுக்கமும் ஏறியது. கூழ்பிரிப்பின்போது நோயாளிகள் சிலருக்கு மூச்சுத் தொல்லை வருவதன் காரணம் ஒருவாறு புலப்பட்டது. பிற்காலத்தில் நிரப்புப் புரதங்களைக் குறைவாகத் தூண்டும் சவ்வுகள் பயன்பாட்டுக்கு வந்தன.

இதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1967இல், டென்வர் நகர மருத்துவர் நால்வர் 12 நோயாளிகளின் வரலாற்றை வெளியிட்டிருந்தனர். விபத்து, தொற்று முதலிய வெவ்வேறு காரணங்களால் வந்த அவர்களனைவருக்கும் சுவாசப்பை திடீரென நீர்கோத்து விறைத்து, ஒட்சிசன் கொடுத்தும் பயனற்ற நிலை உண்டாயிற்று. கடுமூச்சு இடர்நோய் எனத்தகும் இந்நோயில் இறந்தோரின் சுவாசப்பையில் நடுநிலைநாடிகள் திரண்டிருப்பது பின்னர்ப் பலராலும் காணப்பட்டது. ஒட்டுதலைத் தடுத்தால் உயிரைக் காக்கலாமோ என்னும் வினா இதனாற் கூர்மை பெற்றது.

விடை கையெட்டும் தூரத்தில் உள்ளது போலவே 1980களிற் தோன்றியது. அடிக்கடி தொற்றுக்கு ஆளாகியும் சீழ் உண்டாகாத சில குழந்தைகளின் வெண்குழியங்களில் சீடி-18 எனப் பெயர்பெற்ற புரதம் பிறப்பிலேயே இல்லாதிருந்தது கண்டறியப்பட்டது. அப்புரதத்தைப் பற்றி மறைக்கும் பிறபொருளெதிரிகளும் ஆய்வுகூடங்களில் ஆக்கப்பட்டன. அதே காலத்தில் ஓடும் குருதியைப் போலிசெய்யும் ஓட்ட அறையும் செம்மை பெற்றது. இரண்டு தட்டைப் பரப்புகளை மில்லிமீற்றரிலும் குறைந்த இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்து, கீழ்ப்பரப்பில் அகவணிக் கலங்களையோ தூய புரதத்தையோ படியவைத்து, இடைவெளியூடாக வெண்குழியங்கள் கலந்த திரவத்தை அளந்த வேகத்திற் செலுத்துவர். வேகம், பாகுநிலை, இடைவெளி ஆகியன தெரிந்தால் சுவரின்மேற் படும் உரசல் விசையைக் கணக்கிடலாம். 1987இல் லோறன்சு, மக்கின்ரயர் முதலியோர் இம்முறையாற் செய்த ஆய்வு, அசையாத் திரவத்தில் நன்கு ஒட்டும் குழியம் ஓடும் திரவத்தில் அவ்வாறு ஒட்டுவதில்லை என்பதைக் கவனத்துக்குக் கொண்டுவந்தது.

1991இல் லோறன்சும் ஸ்பிரிங்கரும் வெளியிட்ட பரிசோதனை இவ்வகையில் தலைசிறந்தது. செலெக்ரின் என்னும் புரதம் படிந்த பரப்பின்மேல் நடுநிலைநாடிகள் உருண்டன, நிற்கவில்லை. சீடி-18 பற்றிக்கொள்ளும் மற்றொரு புரதம் மட்டும் படிந்த பரப்பில் ஓட்டத்தின்போது அவை உருளவுமில்லை, நிற்கவுமில்லை. இரண்டும் சேர்ந்து படிந்த பரப்பில், தூண்டும் பொருளும் இருந்தால், அவை முதலில் உருண்டு பின் உறுதியாக நின்றன. வாக்னர் 1839இல் வரைந்த உருளலும் கோன்ஹைம் 1867இற் கண்ட தங்கலும் ஒரே தொடரின் இருபடிகள் என்பதும், ஒவ்வொரு படிக்கும் வெவ்வேறு மூலக்கூறு உண்டு என்பதும் தெளிவாயின. உருளல், தூண்டல், நிற்றல், ஊடுருவல் என்னும் இப்படிமுறை பாடநூல்களில் இடம்பெற்றது. சுவரா, குழியமா என்னும் பழைய வழக்கில் இருவரும் ஒருங்கே வென்றனர் என்று கூறலாம். 

ஆனால் இத்தொடர் சிறு நாளங்களில் நிகழ்வது. குடற்சவ்விலும் தசையிலும் தோலிலும் வெண்குழியம் உருண்டு நிற்பது, குழியத்தைக் காட்டிலும் பலமடங்கு அகன்ற புன்னாளங்களிலேதான். சுவாசப்பையில் அது நிற்கும் இடம் வேறு.

இதனை ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டியது 1987இல் வெளிவந்த ஆய்வு. லியன், வாக்னர், வேர்தன், ஹென்சன் முதலியோர் டென்வர் நகரில் நாயின் நடுநிலைநாடிகளுக்கு ஒளிர்சாயம் ஏற்றி மீண்டும் அதன் உடலிற் செலுத்தி, மார்புச் சாளரத்தினூடாக அவற்றைத் தொடர்ந்தனர். செங்குழியங்கள் ஒருசில செக்கன்களிற் கடக்கும் மயிர்த்துளை வலையிலே நடுநிலைநாடிகள் நின்று நின்று சென்றன. சில 2 செக்கனிற் கடந்தன; சில 20 நிமிடத்துக்கு மேலும் தங்கின. புன்னாடியிலும் புன்னாளத்திலும் அவை நிற்கவில்லை. நோயற்ற விலங்கிலே, எத்தூண்டலும் இல்லாத வேளையிலே நிகழ்ந்தது இது என்பது குறிப்பிடத்தக்கது. கனடாவில் வன்கூவர் நகரத்து ஜேம்ஸ் ஹொக், கிளெயர் தோர்ஷக் முதலியோர் முயலிலும் மனிதரிலும் குழாய்களையும் குழியங்களையும் அளந்து இதன் காரணத்தைக் காட்டினர். நடுநிலைநாடியின் விட்டம் 6 முதல் 8 மைக்கிரோமீற்றர்; சுவாசப்பை மயிர்த்துளைக் குழாய்களிற் பல அதனிலும் குறுகியவை. புன்னாடியிலிருந்து புன்னாளத்துக்குச் செல்லும் குழியம் அத்தகைய குறுந்துண்டுகள் 50க்கு மேற்பட்டவற்றைக் கடத்தல் வேண்டும். செங்குழியம் கணத்தில் வளைந்து நெளிந்து செல்லும். நடுநிலைநாடி உருமாறப் பிடிக்கும் நேரமோ மிக அதிகம். ஆகவே உடல்நலமுள்ள காலத்திலும் சுவாசப்பைக் குருதியில் அவற்றின் செறிவு ஏனைய குருதியிலுள்ளதைப் போற் பலமடங்காக இருக்கின்றது.

தமிழில் ஒட்டுதல் வேறு, சிக்குதல் வேறு. ஆராய்ச்சியாளர் பல ஆண்டுகளாக ஒட்டுதலை அளக்கும் கருவிகளைக் கொண்டு சிக்குதலை விளக்க முயன்றனர், அங்கேதான் இடர்ப்பாடு. 1989இல் வேர்தன், டௌனி, எல்சன் முதலியோர் வெளியிட்ட ஆய்வு இவ்விரண்டையும் பிரித்தது. அவர்கள் நுண்டுளைகள் இட்ட மென்றகட்டினூடாகக் குழியங்களைச் செலுத்தினர். அகவணி இல்லாத அத்துளைகளில் ஒட்டுதலுக்கு இடம் குறைவு, நெருக்கத்துக்கே இடம். அதனோடு, நுண்ணிய ஊசியாலே தனிக்குழியத்தை அழுத்தி அதன் விறைப்பை அளக்கும் கருவியையும் பயன்படுத்தினர். பக்டீரியாவின் புரதத்தைப் போன்ற தூண்டுபொருள் பட்டதும் குழியத்தினுள்ளே அக்ரின் இழைகள் திரண்டன; குழியம் விறைத்தது; துளைகளிற் சிக்கியது. அவ்விழைகள் திரளாதவாறு தடுத்தால் விறைப்பும் சிக்கலும் குறைந்தன. சீடி-18ஐ மறைத்தாலோ தொடக்கச் சிக்கல் குறையவில்லை. 1992இல் தோர்ஷக், நிரப்புப் புரதம் தூண்டப்பட்ட திரவவிழையத்தை முயல்களுக்குச் செலுத்தி, அதாவது மினசோட்டாப் பரிசோதனையையே புதிய கருவியோடு மீண்டும் செய்து, இதனை உயிருடலிலும் காட்டினார். பிறபொருளெதிரி கொடுத்த முயல்களிலும் நடுநிலைநாடிகள் உடனே சுவாசப்பையில் நின்றன. ஆனால் சில நிமிடங்களுக்கு மேல் நிலைத்திருக்கவில்லை. விறைப்பு நிறுத்துகின்றது, ஒட்டுதல் நிலைநிறுத்துகின்றது.

அவரே 1990இல் காட்டிய மற்றொரு செய்தி இதனிலும் வியப்பானது. நியூமோனியாவை உண்டாக்கும் ஒருவகைப் பக்டீரியாவை முயலின் சுவாசப்பையிலும் வயிற்றுச் சுவரிலும் வைத்தபோது, சீடி-18ஐ மறைத்ததால் வயிற்றுச் சுவருக்குக் குழியங்கள் வருவது நின்றது; சுவாசப்பையின் சிற்றறைகளுக்கோ அவை தடையின்றி வந்தன. எசரிக்கியா கோலையின் அகநஞ்சை வைத்தால் சுவாசப்பையிலும் சீடி-18 வேண்டப்பட்டது. ஒரே விலங்கு, ஒரே குழியம். உறுப்பு மாறினால் விதி மாறுகின்றது. ஒரே உறுப்பிலும் பகை மாறினால் விதி மாறுகின்றது. சீடி-18 அற்றுப் பிறந்து இறந்த நோயாளிகளின் உடலை ஆராய்ந்தோரும், ஏனைய உறுப்புகளுக்கு வராத நடுநிலைநாடிகள் சுவாசப்பைக்கு வந்திருந்ததைக் கண்டனர். 1990களிலும் அதனையடுத்த சில ஆண்டுகளிலும் சீடி-18 எதிரிகள் மாரடைப்பு, பக்கவாதம், குருதியிழப்பு அதிர்ச்சி ஆகியவற்றிற்கு மருந்தாகச் சோதிக்கப்பட்டபோது எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. காரணங்கள் பல, எனினும் ஓர் உறுப்பின் ஆய்வை உடல் முழுவதற்கும் சட்டமாக்குதல் எத்துணை இடர் தருவது என்பதை மேற்கண்ட முயல்கள் முன்னரே கூறியிருந்தன.

ஆய்வாளரைத் தம் கருவிகளே ஏமாற்றியதும் உண்டு. 1976இல் மக்காபி, தாக்கூர் ஆகியோர் கதிர்த்தொழிற்பாட்டு இந்தியத்தால் வெண்குழியங்களுக்கு அடையாளமிடும் முறையைக் கண்டனர். உடலினுள் ஒளிந்திருக்கும் சீழ்க்கட்டியைப் புறத்திருந்தே காட்டும் அரிய முறை அது. ஆனால், குழியங்களைக் குருதியிலிருந்து பிரித்துக் கழுவிக் குழாயில் வைத்திருக்கும்போதே அவை தூண்டப்பட்டுவிடுவதுண்டு. அவ்வாறு தூண்டப்பட்டவை உடலுட் சென்றதும் சுவாசப்பையில் நெடுநேரம் தங்கின. மென்மையாகக் கையாளப்பட்டவை விரைவிற் கடந்தன. நோயாளியின் சுவாசப்பையைக் காட்டுவதாக எண்ணிய படம் ஆய்வுகூடக் கையாளுகையையே காட்டியது. பின்னர் இதுவே அக்கையாளுகையின் தரத்தைச் சோதிக்கும் அளவுகோலாயிற்று.

எண்ணும் முறைகளிலும் இத்தகைய மயக்கம் இருந்தது. சுவாசப்பையை உப்புநீராற் கழுவி அதிலுள்ள கலங்களை எண்ணும் முறை 1961இல் முயல்களிலும் 1974இல் மனிதரிலும் விளக்கமாக வெளியிடப்பட்டது. அது சிற்றறைக்கு வந்து சேர்ந்தவற்றை மட்டுமே எண்ணும். சுவாசப்பையை அரைத்து, நடுநிலைநாடிகளில் மிகுந்துள்ள மயலோபெரொட்சிடேசு என்னும் பச்சைநிற நொதியத்தை அளக்கும் முறையோ யாவற்றையும் ஒருங்கே எண்ணும். இந்நொதியம் 1941இல் அக்னர் என்பவராற் பிரித்தெடுக்கப்பட்டது. சீழின் பசுமைக்குக் காரணமும் அதுவே. குழாயினுள் சிக்கியிருப்பது எது, இழையத்தினுட் சென்றது எது என்பதை இவ்விரண்டும் கூறா. 2005இல் ரொய்டர்ஷான், லேய் முதலியோர் இதற்கு எளிய வழி கண்டனர். சுண்டெலியைக் கொல்வதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஒளிர்சாயம் பூண்ட பிறபொருளெதிரியை நாளத்திற் செலுத்தினர். குழாயினுள் நின்ற குழியங்கள் சாயம் பெற்றன. வெளியே சென்றுவிட்டவை பெறவில்லை. பின்னர் இழையத்தைப் பிரித்து எண்ணியபோது மூன்று இடத்துக் கணக்கும் தனித்தனியே கிடைத்தது.

இருபோட்டன் நுணுக்குக்காட்டி 1990இல் தோன்றியது. இழையத்தின் ஆழத்தைக் குறைந்த ஊறுடன் காணவல்ல இக்கருவியைச் சுண்டெலியின் சுவாசப்பைக்குப் பயன்படுத்துவதற்கு அசைவே பெருந்தடையாயிருந்தது. 2011இல் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூனி, குறும்மல் முதலியோர் உறிஞ்சற் சாளரமொன்றால் அத்தடையை நீக்கினர். வாக்னரின் பழைய உபாயம் சிறிய உருவில் மீண்டும் வந்தது. சுவாசித்துக்கொண்டிருக்கும் சுவாசப்பையிலே நடுநிலைநாடிகள் மயிர்த்துளைக் குழாய்களில் நின்று நகர்வதும், புண்பட்டபோது திரள்வதும் நிறப்படங்களாயின. எனினும் சாளரம் காட்டுவது சுவாசப்பையின் மேற்பரப்பை அடுத்துள்ள மெல்லிய படையை மட்டுமே; நடுப்பகுதிச் சிற்றறைகள் அதற்குப் புலப்படா.

2010இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து ஹூ, இங்பர் முதலியோர் விலங்கையே விடுத்து, மனிதக் கலங்களைக் கொண்டு விரலளவான கருவியொன்றில் சுவாசப்பையின் சுவரை அமைத்தனர். நுண்டுளைகளுள்ள மீள்தன்மைச் சவ்வின் ஒருபுறத்தில் சிற்றறை மேலணிக் கலங்கள், மறுபுறத்தில் அகவணிக் கலங்கள். மேலே காற்று, கீழே ஓடும் திரவம். இருபுறத்து அறைகளிலும் மாறி மாறி உறிஞ்சல் கொடுக்க, சவ்வு மூச்சுவிடுவதுபோல் விரிந்து சுருங்கும். மேற்புறத்தில் பக்டீரியாவை இட்டதும் கீழோடிய நடுநிலைநாடிகள் அகவணியில் ஒட்டி, சவ்வைக் கடந்து மேலே வந்து பக்டீரியாவை விழுங்கின. ஒட்டுதலும் ஊடுருவலும் கண்ணெதிரே நிகழ்ந்தன. ஆனால் குருதி ஓடுவதற்கென அக்கருவியில் வெட்டிய கால்வாய் குழியத்தைவிடப் பன்மடங்கு அகன்றது. குழியம் உருமாறி நுழையவேண்டிய குறுந்துளைகள் ஐம்பதும் அதில் இல்லை.